பாம்பன், கீழக்கரை, தனுஷ்கோடி: கரையோரத் தெருக்களில் நடந்தே போனவர்கள் சொல்லுங்கள்

மதுரை நடையன்

பாம்பன் பாலத்தைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு, 1914-இல் கட்டிய பழையதையும் புதியதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம் என்றுதான் நானும் போனேன். சாலைப் பாலத்தில் அரை மணி நேரம் நின்றேன், அலுத்துவிட்டது. பாம்பனில் இறங்கிக் குந்துகால் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் வந்து இறங்கிய இடம் என்பது ஒரு சாக்கு. அங்கே போய்ச் சேரவே இல்லை.

சின்னப்பாலத்தில் கடல் பக்கமாக ஒரு சந்தில் திரும்பிவிட்டேன். கவிழ்த்துப் போட்ட வத்தைப் படகு, மணலில் காயவைத்த கடல்பாசி. பாசி எடுக்கப் போன பெண்கள் அப்போதுதான் கரையேறிக்கொண்டிருந்தார்கள், ஆறேழு பேர். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, இடுப்பில் பை. ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா எனக்குப் பக்கத்தில் வந்து மூட்டையை இறக்கினார். எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று கேட்டேன். "விடிகிறதற்கு முன்னால்" என்றார். அப்போது மணி ஒன்று.

எனக்கு என்ன தோன்றியதோ, நூறு ரூபாயை எடுத்து நீட்டிவிட்டேன். அந்த அம்மா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். பத்து விரலிலும் துணி சுற்றியிருந்தது. ஈரம் சொட்டியது. விரல் மடங்கவில்லை. நான் நோட்டை நீட்டியபடி நிற்கிறேன், அவர் கையைக் காட்டியபடி நிற்கிறார், மற்றவர்கள் பார்க்கிறார்கள். "அந்தச் செருப்பின் மேல் வைத்துவிட்டுப் போங்கள் ஐயா" என்றார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. வைத்தேன். காற்று தூக்கப் பார்த்தது. ஒரு கல்லைத் தேடி எடுத்து நோட்டின் மேல் வைத்தேன்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் குனிந்து, ஒரு செருப்பின் மேல் கல் வைத்துக்கொண்டிருந்த அந்த அரை நிமிடம் மாதக்கணக்காக என்னை விடவில்லை.

கீழக்கரைப் பேரன்

உங்களுக்காவது முகம் நினைவிருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை.

பிறந்தது கீழக்கரை, வளர்ந்ததெல்லாம் வெளிநாடு. போன வருடம் மகனைக் கூட்டிக்கொண்டு ஊர் வந்தேன். அவனுக்கு ஒன்பது வயது. சீதக்காதி கட்டிய பள்ளிவாசலைக் காட்டினேன். கல்தூண்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது கோயில் மாதிரி இருக்கிறதே வாப்பா" என்றான். இந்தப் பக்கத்துச் சிற்பிகளுக்குத் தெரிந்த வேலை அதுதானே, உருவங்களை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' கதையையும் சொன்னேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. செத்தவர் எப்படிக் கொடுப்பார் என்று கடற்கரை வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தான்.

திரும்பும்போது வழி தவறிவிட்டோம். சொந்த ஊரில் வழி தவறுவது போல வெட்கக்கேடு வேறில்லை. லுஹர் தொழுகை முடிந்த நேரம். தெருவில் ஆள் இல்லை, எல்லா வீட்டிலும் கதவு சாத்தியிருந்தது. ஒரு கதவு மட்டும் பாதி திறந்தது. உள்ளே இருட்டு. ஒரு பெண்குரல் என் வாப்பாவின் பெயரைச் சொல்லி, "அவர் மகன்தானே நீ? நடையைப் பார்த்தாலே தெரிகிறதே" என்றது.

வாப்பா மௌத்தாகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அவர் எப்படி நடப்பார் என்பது எனக்கே நினைவில்லை. ஒரு தட்டில் தொதல் என்கிற இனிப்பும் இரண்டு டம்ளர் தண்ணீரும் கதவிடுக்கு வழியாக வந்தன. தேங்காய்ப்பால் மணம். வளையல் போட்ட வயதான கை மட்டும்தான் தெரிந்தது. நீங்கள் யார் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கக் கூச்சமாக இருந்தது, தெரிந்தவன் போலத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். உம்மாவிடம் போனில் சொன்னபோது மூன்று வீட்டின் பெயரைச் சொன்னார். மூன்றுமே இப்போது பூட்டிக் கிடக்கின்றன.

ஓய்வுபெற்ற வாத்தியார்

முதலில் எழுதிய தம்பிக்கு: கேட்காத கையில் பணத்தைத் திணிப்பது தர்மம் ஆகாது. அவர் உழைத்துவிட்டு வருகிறார், யாசகத்துக்கு அல்ல. வருந்துகிறீர்கள் என்பதால் இத்தோடு விடுகிறேன்.

என் அனுபவம் சிறியது. தேவிபட்டினம் நவபாஷாணத்தில் ஒரு முறை என் குடை காற்றில் பறந்து கடலில் விழுந்தது. ஒரு பையன் நீந்திப் போய் எடுத்து வந்தான். பெயர் கேட்பதற்குள் ஓடிவிட்டான்.

நடந்து பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காற்றைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். வாடை அடிக்கும் கார்த்திகை, மார்கழியில் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் இதுவே தலைகீழாகும். ஆட்டோக்காரர்கள் ஒன்றை ஆண் கடல் என்றும் மற்றதைப் பெண் கடல் என்றும் நிரந்தரமாகப் பட்டம் கட்டிவிடுகிறார்கள். மார்கழியில் போய்ப் பார்த்தால் எது ஆண், எது பெண் என்று அவர்களே குழம்புவார்கள். மீன் ஏலம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை போக வேண்டாம். அந்த 61 நாளும் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகு போகும், ஆனால் அந்த மீனுக்குக் கூட்டம் கூடாது, விடிகாலையிலேயே முடிந்துவிடும். காயவைத்த வலையைச் செருப்புக் காலோடு தாண்டாதீர்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சொறியை, அதாவது ஜெல்லி மீனை, செத்ததுதானே என்று தொடாதீர்கள், செத்த பிறகும் கையைத் தடிக்க வைக்கும். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் கீழக்கரைப் பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள், அது ஜும்மா நேரம். தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். வில்லூண்டித் தீர்த்தத்தில் கடலுக்கு நடுவே நல்ல தண்ணீர் கிடைக்கிறது என்பதால் எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். தொப்பி, கறுப்புக் குடை...

மதுரை நடையன்

வாத்தியார் ஐயா, குடை உங்களுக்கே நிற்கவில்லையே.

பாம்பன்காரி

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள் ஐயா. காற்றைப் பற்றி நீங்கள் சொன்னது முழுவதும் சரி.

மதுரைக்காரரே, என் அத்தை முப்பது வருடமாகப் பாசிக்குப் போகிறார், அதனால் சொல்கிறேன். விரலில் சுற்றியிருப்பது காயக் கட்டு இல்லை. பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கும்போது விரல் கிழியாமல் இருக்கத்தான் சுற்றிக்கொள்கிறார்கள். சுற்றினாலும் கிழியத்தான் செய்யும், அது வேறு. ஐஸ்கிரீமிலும் ஜெல்லியிலும் சேர்க்கும் அகர் அகர் இந்தப் பாசியில் இருந்துதான் வருகிறது. கரையை ஒட்டிய இடங்களில் எடுத்து முடிந்தால் தீவுப் பக்கம் போக வேண்டும். மன்னார் வளைகுடாவின் அந்த 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாகிவிட்டன. இவர்களின் பாட்டிமார் போய்வந்த இடத்துக்கு இவர்கள் பயந்துகொண்டே போக வேண்டியிருக்கிறது. நீங்கள் பார்த்த அன்று அவர் முகத்தில் சிரிப்பில்லை என்றால் அதற்கு உங்கள் நோட்டு மட்டும்தான் காரணம் என்று நினைக்காதீர்கள்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. பாசிக்குப் போகிறவர்கள் ரப்பர் செருப்பைக் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் தண்ணீருக்குள் இறங்குவார்கள். கல்லும் முள்ளுமான இடம் அது, வெறுங்காலோடு இறங்க முடியாது. அந்த அம்மா அப்போதுதான் கரையேறினார் என்கிறீர்கள். அப்படியென்றால் கரையில் கிடந்த செருப்பு யாருடையது?

என்னிடமும் ஒரு வெளியூர்க்காரர் வந்தார், சொல்லிவிடுகிறேன். வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தேன். தோளில் கேமரா. "அக்கா, உண்மையான பாம்பனைப் பார்க்க எந்தப் பக்கம் போக வேண்டும்?" என்று கேட்டார். நான் கருவாட்டுத் தட்டும் கையுமாக நிற்கிறேன். பஸ் நிறுத்தத்துக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. சின்னப் பையன்.

மணல்வீடு

தனுஷ்கோடிக்கு அரிச்சல்முனை வரை சாலை வந்தது 2017-இல். நான் போனது அதற்கு முன்னால். முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி, வேனில் ஏறாமல் மணலில் நடந்தேன். அது வீரமில்லை, மடத்தனம். பாதி வழியிலேயே தண்ணீர் தீர்ந்துவிட்டது.

குடிசைக்குப் பக்கத்தில் ஒரு பெண் மணலைக் கையால் அள்ளி அள்ளிக் குழி பறித்துக்கொண்டிருந்தார். முழங்கை ஆழத்தில் ஊறியது. சிரட்டையில் மொண்டு கொடுத்தார். கடல் அங்கிருந்து நூறு அடிகூட இராது, தண்ணீரில் உப்பே இல்லை. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும், ஆழமாகத் தோண்டினால் கெட்டுவிடும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவர்கள் அளவாகத்தான் தோண்டுகிறார்கள்.

என்னை அரிப்பது அதுவல்ல. அவருடைய மகள், ஏழெட்டு வயது, என்னை இடிந்த தேவாலயத்துக்குக் கூட்டிப் போனாள். பவளக்கல் சுவரில் கையை வைத்துக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஆரம்பித்தாள்: "1964-ஆம் வருடம் டிசம்பர் 22-ஆம் தேதி இரவு பெரும் புயல் அடித்தது. ஊருக்குள் கடல் வந்தது. பாம்பனிலிருந்து வந்த ரயில்..." குறுக்கே நான், உன் தாத்தா அப்போது இங்கே இருந்தாரா என்று கேட்டேன். நிறுத்திவிட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சுவரில் கையை மறுபடி வைத்து, "1964-ஆம் வருடம் டிசம்பர் 22-ஆம் தேதி..." என்று முதலிலிருந்து தொடங்கினாள். நடுவில் எடுக்கத் தெரியவில்லை. இரண்டாவது முறை நான் வாயைத் திறக்கவில்லை. ரயில் கவிழ்கிற இடம் வந்ததும் குரல் கொஞ்சமும் மாறாமல், "அத்தனை பேரும் இறந்தார்கள், நன்றி" என்றாள்.

அந்த 'நன்றி' இருக்கிறதே.

ஓய்வுபெற்ற வாத்தியார்

குழந்தைகளிடம் இப்படி ஒப்பிக்க வைப்பது கல்வித்துறையின் பழைய நோய். நான் பணியில் இருந்தபோது இதைப் பற்றி...

மதுரை நடையன்

ஐயா, பொறுங்கள். பாம்பன்காரி அக்கா, செருப்பு விஷயம் நீங்கள் சொன்ன பிறகு தூக்கம் போய்விட்டது. நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. சின்ன அளவு. அந்த அம்மாவின் காலில் ஏதோ கட்டியிருந்தது, இப்போது யோசித்தால் ஞாபகம் வருகிறது.

பாம்பன்காரி

சின்ன அளவு என்றால் கூட வந்த பிள்ளை எதுவோ கழற்றிப் போட்டதாக இருக்கும். கரையில் மணலில் ஓடும்போது கழற்றி எறிந்துவிடுவார்கள். அப்படியானால் நூறு ரூபாய் அந்தப் பிள்ளைக்குத்தான். மிட்டாய்க் கடை பக்கத்தில்தான் இருக்கிறது.

சங்குவெட்டித் தெரு

கீழக்கரைப் பேரன் காக்கா, தாமதமாகத்தான் பார்த்தேன். அந்த வாசல் நினைவிருக்கிறதா? படிக்குப் பக்கத்தில் வெளியே ஓர் ஆட்டுக்கல் கிடந்ததா? கிடந்தது என்றால் அது எங்கள் பெரியம்மா வீடு. பார்வை மங்கிப் பல வருடம் ஆகிறது. முகம் தெரியாது, தெருவில் யார் போனாலும் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் சொல்வார்.

கீழக்கரைப் பேரன்

கிடந்தது. அதன் மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. மகன் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறான்.