மிருகத்தைத் தேடிப் போன வகுப்பில் கிடைத்த ஆராதனைப் பாடம்

அயனாவரத்தான்:
கடைசிக் காலத்தைப் பற்றி இங்கே எழுதும் சகோதரர்கள் பலருக்கும் சொப்பனமும் தரிசனமும் கிடைத்திருக்கின்றன. எனக்குக் கிடைத்தது ஒரு மொட்டை மாடி வேதபாட வகுப்பு. நடத்தியவர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். கடைசிக் காலத்தில் எழும்பும் மிருகத்தின் எண்ணான 666 யாரைக் குறிக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் பாதிப் பேர் போனோம். அவரோ வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் 4, 5 அதிகாரங்களை விட்டு நகரவில்லை. பரலோகத்தில் இருபத்துநான்கு மூப்பர்கள் தங்கள் கிரீடங்களைக் கழற்றி தேவனுடைய சிங்காசனத்துக்கு முன் வைக்கும் இடத்தையே திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார்.

"ஐயா, மிருகம் எப்போது வரும்?" என்று ஒருவர் பொறுமை இழந்து கேட்டார்.

"வரும் தம்பி. அதற்குள் சிங்காசனத்தில் இருப்பவரைத் தெரிந்துகொள்."

ஒரு வழியாக மிருகம் வருகிற 13ஆம் அதிகாரம் வந்தது. வணங்குவதைப் பற்றி வருகிற இடங்களை எல்லாம் பென்சிலால் கோடிடச் சொன்னார். மிருகத்தின் முத்திரையைப் பற்றிப் பேச்சு வருவதற்கு முன்பே பக்கம் கோடுகளால் நிறைந்துவிட்டது. அடுத்த அதிகாரத்தில் தூதன் சொல்வதும், வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரைத் தொழுதுகொள்ளுங்கள் என்பதுதான். பிறகு தானியேல் 3க்குத் திருப்பினார். தூரா சமபூமியில் ராஜா நேபுகாத்நேச்சார் நிறுத்திய அறுபது முழப் பொற்சிலை. எக்காளம், நாகசுரம், கின்னரம், வீணை என்று சகல வாத்தியங்களும் முழங்கியதும் ஜனங்கள் விழுந்து வணங்குகிறார்கள். "வாத்தியத்துக்கு அங்கே ஒரு குறையும் இல்லை" என்றார், என்னைப் பார்த்து. நான் சபையில் கீபோர்டு வாசிப்பவன். எந்த இடத்தில் சுருதி ஏற்றினால் சபை அழும் என்று எனக்குத் தெரியும். அந்த ஞாயிறு விரல்கள் சரியாக ஓடவில்லை.

புரசைவாக்கம் சகோதரி:
எங்கள் பக்கத்துக் கன்வென்ஷன் பேனரைப் பார்க்க வேண்டும் நீங்கள். போதகர் முகம் ஆள் உயரத்துக்கு. இயேசுவின் பெயர் ஓரத்தில், தொலைபேசி எண்ணுக்கு மேலே. வெளிப்படுத்தலில் அதை எழுதிய யோவான் இரண்டு முறை தூதனின் காலில் விழப் போகிறார். இரண்டு முறையும் தூதன் தடுத்து, நானும் ஓர் ஊழியக்காரன்தான், "தேவனைத் தொழுதுகொள்" என்கிறான். பேனர் அடிக்கிற குழுவிடம் 22ஆம் அதிகாரத்தைக் காட்டினேன். "அக்கா, முகம் இல்லாவிட்டால் கூட்டம் வராது" என்றார்கள்.

ராயபுரம் அண்ணன்:
அயனாவரத்துத் தம்பிக்கு ஒரு வார்த்தை. பெரியவர் சொன்னது சரி, ஆனால் பாதிதான். அதே 5ஆம் அதிகாரத்தில் மூப்பர்கள் கையில் சுரமண்டலம் இருக்கிறது. பரிசுத்தவான்களின் ஜெபங்களாகிய தூபம் நிறைந்த பொற்கலசமும் இருக்கிறது. பரலோகத்திலேயே வாத்தியம் உண்டு. கீபோர்டை மூடிவிடாதீர்கள். பாட்டு முடிந்து ஜெபம் தொடங்கும்போது மட்டும் கையை எடுத்துவிடுங்கள். எங்கள் சபையில் இப்போது அப்படித்தான் செய்கிறோம். முதலில் சிலர் முணுமுணுத்தார்கள், இப்போது இல்லை.