வி-கிராஸ் 2.5: பெரிய நாசில் போட்டு ரீமேப் செய்யலாமா?

கோத்தகிரி ரோடு

வணக்கம். வண்டி 2017 இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2.5 லிட்டர், ஐந்து கியர் மேனுவல், 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரி தோட்டத்துக்கு உர மூட்டை, பைப், ஆட்கள் என்று ஏற்றிக்கொண்டு போவதுதான் இதன் வேலை. சமதளத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குஞ்சப்பனை தாண்டி மேலே போகப் போக மூன்றாவது கியரில் இழுக்க மாட்டேன் என்கிறது, இரண்டாவதில் போட்டால் கத்துகிறது, அழுத்தி மிதித்தால் பின்னால் கறுப்புப் புகை. முன்பு இவ்வளவு புகை கிடையாது.

கோவையில் ஒரு கடையில் கேட்டேன். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் நாலையும் 20 சதவீதம் பெரிய நாசில் (தெளிக்கும் துளைமுனை) உள்ளதாக மாற்றி, கூடவே ஈசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ரீமேப் செய்தால், அதாவது அதில் உள்ள அட்டவணைகளை மாற்றி எழுதினால், 134 குதிரைத்திறனை 190 வரை கொண்டுபோகலாம், டர்போவை (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவது) தொட வேண்டாம் என்கிறார்கள். தாய்லாந்து டி-மேக்ஸ் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கை அரிக்கிறது. யாராவது செய்திருக்கிறீர்களா? வண்டி தாங்குமா?

மூணாங்கியர்

என்னுடையதும் இதே 2.5 தான். இன்ஜெக்டரைத் தொடாமல் மிதமான ரீமேப் மட்டும் செய்தேன். 1,800 ஆர்பிஎம்முக்குக் கீழே இருந்த தூக்கம் நிறையவே குறைந்தது, ஓவர்டேக் சுலபமாக இருக்கிறது. மலைக்கு இது போதும் அண்ணா, நாசில் எல்லாம் எதற்கு? ஒன்று, கிளட்ச் பழசாக இருந்தால் ரீமேப் செய்த மறுநாளே வழுக்க ஆரம்பிக்கும், அந்தச் செலவையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பம்ப் ரூம்

தம்பி, "முன்பு இவ்வளவு புகை கிடையாது" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள் பாருங்கள், விஷயமே அதுதான். ரீமேப் செய்யாத வண்டி, முன்பு இல்லாத புகை இப்போது வருகிறது என்றால் காற்று குறைகிறது அல்லது டீசல் சரியாகத் தெளிக்கவில்லை. இரண்டில் எது என்று தெரியாமல் பெரிய நாசில் போட்டால், குறையை அப்படியே பெரிதாக்குவதுதான் நடக்கும்.

முதலில் இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ்களைக் கழற்றிப் பாருங்கள். கிளாம்ப் தளர்ந்திருக்கும் அல்லது ஹோஸின் அடிப்பக்கம் விரிசல் விட்டு எண்ணெய் கசிந்திருக்கும். நின்ற வண்டியில் ரேஸ் செய்தால் தெரியாது, லோடு ஏறினால்தான் காற்று தப்பும். ஏர் ஃபில்டர், ஏர் ஃப்ளோ சென்சார், ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடுவது), காற்று உள்ளே போகும் இன்டேக்கில் படிந்த கரி எல்லாம் இந்த கிலோமீட்டரில் பார்க்க வேண்டியவை. டீசல் ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஆர்பிஎம் ஏறி இறங்குகிறதா? அப்படியென்றால் டீசல் பம்புக்குள் போகும் அளவைக் கட்டுப்படுத்தும் சக்‌ஷன் கண்ட்ரோல் வால்வையும் சந்தேகப்படலாம், இந்த டென்சோ பம்புகளில் அது தேயும் பாகம்.

அப்புறம் இன்ஜெக்டர். கழற்றுவதற்கு முன்னால் ஸ்கேனர் போட்டு நாலு சிலிண்டரின் கரெக்‌ஷன் வேல்யூவை (ஈசியூ ஒவ்வொன்றுக்கும் டீசலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பாருங்கள், ஒன்று மட்டும் மற்ற மூன்றை விட்டுத் தனியாக நின்றால் அங்கேதான் பிரச்சினை. இன்ஜெக்டரில் இருந்து திரும்பி வரும் டீசலை அளக்கும் ரிட்டர்ன் டெஸ்ட்டும் செய்யச் சொல்லுங்கள், நாலு பாட்டிலில் எது சீக்கிரம் நிறைகிறதோ அந்த இன்ஜெக்டர் உள்ளுக்குள் கசிகிறது. அதிலும் தெளிவு இல்லை என்றால் கழற்றி காமன் ரெயில் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றலாம். ஐடில், பைலட் (முதன்மைத் தெளிப்புக்கு முன்னால் விழும் சின்னத் தெளிப்பு), ஃபுல் லோடு மூன்றிலும் எத்தனை மில்லி விழுகிறது என்று பிரிண்ட் எடுத்துத் தருவார்கள், பிரிண்ட் தராத கடைக்குப் போக வேண்டாம். திரும்பப் போடும்போது அடியில் உள்ள செம்பு வாஷர் புதிதாக இருக்க வேண்டும், பழையதை நெருப்பில் காட்டிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இன்ஜெக்டர் மாற்றினால் அதன் தலையில் அச்சடித்திருக்கும் குறியீட்டு எண்ணை ஈசியூவில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் வண்டி ஓடும், ஆனால் ஐடிலில் டக்டக் என்று அடித்துக்கொண்டே ஓடும்.

இன்னொன்று, நீங்களே பார்க்கப் போனால் இன்ஜின் ஓடும்போது ரெயில் பைப்பில் (இன்ஜெக்டர்களுக்கு அதிக அழுத்தத்தில் டீசல் கொண்டுபோகும் குழாய்) கசிவு இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்க்காதீர்கள். ஆயிரம் பாரைத் தாண்டக்கூடிய அழுத்தம், தோலைத் துளைத்துக்கொண்டு டீசல் உள்ளே போய்விடும்.

கோத்தகிரி ரோடு

நன்றி அண்ணா. ஐடிலில் ஏற்ற இறக்கம் இல்லை. ஹோஸை இந்த வாரமே கழற்றிப் பார்க்கிறேன். சரி, எல்லாம் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், அந்த 190 என்பது நடக்கிற காரியமா?

ஸ்லைடு ரூல்

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 134 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 100 கிலோவாட், அது வருவது 3,600 ஆர்பிஎம்மில். ஒரு கிலோவாட் மணிக்கு 240 கிராம் டீசல் என்று வைத்தால் மணிக்கு 24 கிலோ. அந்த வேகத்தில் நாலு சிலிண்டரும் சேர்ந்து நிமிடத்துக்கு 7,200 முறை தெளிக்கின்றன, ஆக ஒரு தெளிப்புக்கு சுமார் 55 மில்லிகிராம். காற்றுப் பக்கம், டர்போ ஒரு பார் பூஸ்ட் (வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் கூடுதல் அழுத்தம்) கொடுக்கிறது, இன்டர்கூலருக்குப் பின் 60 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சிலிண்டருக்குள் போவது 1.15 கிராம் காற்று. காற்றுக்கும் டீசலுக்கும் விகிதம் 21க்கு 1. டீசலில் 18க்குக் கீழே போனால் கறுப்புப் புகை தொடங்கும் என்பது பொதுவான அளவு. அப்படியானால் அதே காற்றில் 64 மில்லிகிராம் வரை ஊற்றலாம், கிடைப்பது 155 குதிரைத்திறன் சுமார்.

190க்கு? ஒரு தெளிப்புக்கு 78 மில்லிகிராம் வேண்டும். அதே 1.15 கிராம் காற்றில் விகிதம் 15க்கும் கீழே இறங்கிவிடும். எரிய வேண்டிய டீசலில் ஒரு பங்கு கரியாகி சைலன்சர் வழியாக வெளியே போகும், மீதி சூடாகி டர்போவையும் பிஸ்டனையும் வாட்டும். டர்போவைத் தொட வேண்டாம் என்று சொன்ன கடைக்காரரிடம், கூடுதலாக வேண்டிய 20 சதவீதக் காற்று எங்கிருந்து வரும் என்று மட்டும் கேளுங்கள்.

இதெல்லாம் கோவை உயரத்துக்கு. கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே பூஸ்டைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், அந்தக் காற்றும் இன்னும் சூடாக வரும். கம்பெனி மேப்பில் உயரம் ஏற ஏற டீசலைக் குறைக்கும் கணக்கு இருக்கிறது, புகைக்கு ஒரு வரம்பும் இருக்கிறது. அவசர ட்யூனர்கள் முதலில் தூக்குவது அந்த வரம்பைத்தான், கீழே டைனோவில் (குதிரைத்திறன் அளக்கும் கருவி) எண் அழகாக வரும் என்பதால்.

தாய் ஸ்டைல்

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். பெரிய நாசிலுக்கும் நியாயம் உண்டு. 3,600 ஆர்பிஎம்மில் கிராங்க் 25 டிகிரி சுழல ஆகும் நேரம் 1.16 மில்லி செகண்ட்தான், அதற்குள் நிறைய டீசலைச் சின்ன துளையில் தள்ள முடியாது. தெளிப்பு நீண்டுகொண்டே போனால் பிஸ்டன் கீழே இறங்கிய பிறகும் டீசல் விழும், பிஸ்டன் குழியில் விழ வேண்டியது சிலிண்டர் சுவரில் பட்டு எண்ணெயைக் கழுவும், வெப்பமும் எக்சாஸ்ட்டுக்குத்தான் போகும். பெரிய நாசில் அதே அளவை சீக்கிரம் ஊற்றி முடிக்கும். தாய்லாந்தில் ஓடுகிறவர்கள் முட்டாள்கள் இல்லை.

பம்ப் ரூம்

சொன்னது சரி, ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனால் அவர்கள் டர்போ, இன்டர்கூலர், கிளட்ச் எல்லாம் மாற்றிவிட்டு நாசிலுக்கு வருகிறார்கள், இவர் உர மூட்டையோடு மலை ஏறுகிறார். ரேஸில் சில நொடி ஃபுல் த்ராட்டில், இவருக்கு வளைவுக்கு வளைவு அரை மணி நேரத்துக்கும் மேல் அதே சூடு.

தவிர, துளை பெரிதானது ஈசியூவுக்குத் தெரியாது. இத்தனை மில்லிகிராம் வேண்டும், அதற்கு இத்தனை மைக்ரோ செகண்ட் திற என்று பழைய நாசிலுக்கு எழுதிய அட்டவணையைத்தான் அது படிக்கும். அந்த டியூரேஷன் மேப்பை முழுக்கத் திருத்தி எழுதாவிட்டால் ஐடிலில் பைலட் தெளிப்பே 20 சதவீதம் கூடிவிடும், டார்க் (முறுக்குவிசை) வரம்பு, புகை வரம்பு எல்லாம் பொய்க் கணக்காகிவிடும். அதை உட்கார்ந்து எழுதுகிறவர்கள் குறைவு, ரெடிமேட் ஃபைலை ஏற்றிவிட்டு அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

பேப்பர் பார்ட்டி

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. ரீமேப் கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். ஆனால் பெரிய விபத்தில் இன்சூரன்ஸ் சர்வேயர் தோண்டினால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். புகைச் சோதனையிலும் நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துத்தான் அளப்பார்கள், புகை வரம்பு தூக்கிய வண்டி அங்கேயே மாட்டும்.

கோத்தகிரி ரோடு

ஹோஸைக் கழற்றினேன். டர்போவில் இருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் அடியில் விரல் நீளத்துக்கு விரிசல், சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. புதியதைப் போட்டு மேலே போய் வந்தேன். புகை பெரும்பாலும் போய்விட்டது, மூன்றாவது கியர் மறுபடி வேலை செய்கிறது. நாசில் யோசனையைக் கைவிட்டுவிட்டேன். ஈசியூவை விட்டுவிட்டு, ஓபிடி (ஸ்கேனர் செருகும் இடம்) பக்கத்தில் செருகுகிற சின்ன ட்யூனிங் பாக்ஸ் போடலாமா? அப்புறம் ஒரு எக்சாஸ்ட் வெப்ப மீட்டரும் போட ஆசை, எங்கே பொருத்துவது?

ஸ்லைடு ரூல்

ரெயில் சென்சாரில் செருகும் மலிவான பாக்ஸ்கள் ஒரே பொய்யைத்தான் சொல்லும். அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று ஈசியூவிடம் காட்டும், அது பம்பை இன்னும் ஓட்டும். கூடுதல் சுமை முழுவதும் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும். அதைவிட ரீமேப் எவ்வளவோ மேல். ஓபிடியில் செருகுவதில் பாதி, விளக்கு மட்டும் எரியும் பொம்மை.

பம்ப் ரூம்

மீட்டர் நல்ல யோசனை. புரோப் டர்போவுக்கு முன்னால், எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் இருக்க வேண்டும், டர்போவுக்குப் பின்னால் வைத்தால் ஏற்றத்தில் நூறு டிகிரிக்கு மேல்கூடக் குறைத்துக் காட்டும். தொடர்ந்து 700ஐத் தாண்டினால் காலை எடுங்கள், கியரைக் குறையுங்கள். துளை போடும்போது மேனிஃபோல்டைக் கழற்றித்தான் போட வேண்டும். வண்டியிலேயே வைத்துத் துளைத்தால் இரும்புத் தூள் நேராக டர்போவுக்குள் போகும், கடைக்காரர் கிரீஸ் தடவிப் பிடித்துவிடலாம் என்பார், ஒப்புக்கொள்ளாதீர்கள்.