சீஃபோர்டிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை குழு நடை, என்னால் முடியுமா?

கேள்வி:
வணக்கம். அடுத்த மாதம் ஒரு குழுவோடு இங்கிலாந்தின் தென்கடற்கரையில் சீஃபோர்டில் தொடங்கி, செவன் சிஸ்டர்ஸ் என்ற ஏழு சுண்ணாம்புக் குன்றுகள் வழியாக ஈஸ்ட்போர்ன் வரை நடக்கப் பெயர் கொடுத்திருக்கிறேன். கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர். தினமும் ஒரு மணி நேரம் பூங்காவில் நடப்பவள்தான், ஆனால் மேடு ஏறிப் பழக்கமில்லை. வழிகாட்டி வருகிறார், சரி, நான் பின்தங்கி எல்லோரையும் காக்க வைத்துவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. சாதாரண ஓட்ட ஷூ போதுமா?

பதில் 1:
இரண்டு முறை போயிருக்கிறேன். தூரத்தைவிட ஏற்ற இறக்கம்தான் காலை வாங்கும். கக்மியர் ஆறு கடலில் சேருமிடத்தில் பாலம் கிடையாது, எக்ஸீட் பாலம் வரை உள்ளே போய்ச் சுற்றி வர வேண்டும், அப்புறம்தான் குன்றுகள். முதலில் வரும் ஹேவன் ப்ரோ 77 மீட்டர், ஏழில் அதுதான் உயரம், அதன்மேல் நின்று பார்த்தால் இன்னும் இத்தனையா என்று மலைப்பாக இருக்கும், ஆனால் மற்றவை அதைவிடச் சின்னவை. குழுவில் பெரும்பாலும் கடைசியில் வருவதற்கென்றே ஒருவர் இருப்பார், அவரைத் தாண்டி யாரும் பின்தங்க விடமாட்டார். காலையிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பதில் 2:
ஷூவின் அடியைத் திருப்பிப் பாருங்கள், தேய்ந்திருந்தால் வேண்டாம். நனைந்த சுண்ணாம்புப் பாறை சோப்புத் துண்டு மாதிரி. இரவெல்லாம் மழை பெய்த மறுநாள் இறக்கத்தில் வழுக்கி உட்கார்ந்தேன், உள்ளங்கை முழுக்க வெள்ளைக் கூழ், நல்லவேளை எலும்புக்கு ஒன்றுமில்லை. இன்னொன்று, தயவுசெய்து விளிம்புக்குப் போகாதீர்கள். மேலே புல் இருக்கும், அதற்குக் கீழே பாறை சரிந்து வெறும் காற்றாக இருக்கலாம், நிற்பவருக்குத் தெரியவே தெரியாது. அங்கே கடல் கரையை எப்படித் தின்கிறது என்றால், பெல் டூட் கலங்கரை விளக்கத்தையே 1999இல் அப்படியே 17 மீட்டர் உள்ளே நகர்த்தி வைத்தார்கள்.

பதில் 3:
கடைசியில் பீச்சி ஹெட் ஏற்றம் இருக்கிறது, 162 மீட்டர், அதற்குக் கொஞ்சம் தெம்பு மிச்சம் வையுங்கள். முடியாது என்று தோன்றினால் எக்ஸீட்டிலேயே முடிவெடுப்பது நல்லது, பிரைட்டன்–ஈஸ்ட்போர்ன் பேருந்து அந்த வழியாகத்தான் போகிறது. வழிகாட்டியிடம் சொல்லாமல் மட்டும் கிளம்பாதீர்கள், தலை எண்ணும்போது ஒன்று குறைந்தால் அவர் பதறிப்போவார்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. ஷூவைப் பார்த்தேன், குதிகால் பக்கம் வழவழவென்று இருக்கிறது, புதிது வாங்கி இப்போதிருந்தே போட்டுப் பழகப் போகிறேன்.