மதிலில் பூக்கொடி வளர்த்தவர்களே, மறக்க முடியாத அனுபவத்தைச் சொல்லுங்கள்

செங்கோட்டைத் தங்கம்:
போன ஆடியில் நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் காம்பவுண்ட் சுவரில் ரங்கூன் மல்லி ஏழு வருஷமாக அடர்ந்து கிடந்தது. எங்கள் ஊர்ச் சாரலும் ஆரியங்காவு கணவாய்க் காற்றும் உங்களுக்கே தெரியும். ராத்திரி முழுக்கக் கொடி நனைந்து கனத்திருந்தது. விடிகாலைக் காற்றில் ஹாலோ பிளாக் சுவர் பதினைந்து அடிக்கு அப்படியே தெருப்பக்கம் சாய்ந்துவிட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் உடைந்த கல் மேல் பூங்கொத்துகள். முந்தின சாயங்காலம் விரிந்தது வெள்ளை, அதற்கு முந்தினது ரோஸ், அதற்கும் முந்தினது சிவப்பு. ஒன்றுகூட வாடவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி தினமும் பால்காரருக்காக நிற்கும் இடம் அது. அன்றைக்கு மழை என்று உள்ளேயே இருந்துவிட்டார். நினைத்தாலே அடிவயிறு கலங்குகிறது.

குழித்துறைக்காரன்:
ஆச்சிக்கு ஒன்றும் ஆகாததே பெரிய விஷயம், அக்கா. ஆனால் கொடியைக் குறை சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இடையில் தூண் வைக்காமல் கட்டிய மதில் கொடி இல்லாவிட்டாலும் ஒருநாள் விழும்.
என் கதை வேறு. எங்கள் மதிலில் மஞ்சள் அலமண்டா. பூப் பறிக்கப் போன மகள், "அப்பா, தண்டு அசையுது" என்றாள். பச்சைப்பாம்பு. கண்ணைக் கொத்திவிடும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் கம்போடு ஓடி வந்தார். அது பயந்து உடம்பை உப்பியது. பச்சைச் செதில்கள் விலகி, நடுவே கறுப்பும் வெள்ளையுமாகத் தெரிந்தது. ஒரே அடி. ஓணான், தவளை தின்று கிடக்கும் ஜீவன், மனிதரைக் கொல்லும் விஷம் அதற்குக் கிடையாது. இதெல்லாம் தெரிந்தும் நான் அந்தக் கம்பைப் பிடிக்கவில்லை. மகள் இப்போதும் ஏன் என்று கேட்கிறாள்.

கோபாலபுரம் தோட்டம்:
எங்கள் வேலியில் காகிதப்பூ மூன்று வருஷம் வெறும் இலைதான். ஒரு பங்குனியில் போர் வற்றி மூன்று வாரம் தண்ணீர் விடவில்லை. வேலி முழுக்கப் பூத்து, இலையே தெரியவில்லை.
அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன், காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் குறையுங்கள். யூரியா வேண்டவே வேண்டாம், இலைதான் கொழுக்கும். நல்ல வெயில் வேண்டும். பூத்து முடிந்ததும் கவாத்து செய்யுங்கள், புதுக் கிளையில்தான் அடுத்த பூ. அப்புறம், எந்தக் கொடியையும் சுவரோடு ஒட்டி விடாதீர்கள். அரை அடி தள்ளிக் குழாய் நட்டுக் கம்பி கட்டி அதில் ஏற்றுங்கள். வேராலேயே சுவரைப் பிடித்து ஏறும் அத்திக்கொடியைப் பெயின்ட் அடித்த சுவரில் விட்டால், பிய்க்கும்போது பெயின்டும் பூச்சும் சேர்ந்து வரும். குழித்துறைத் தம்பி, பாம்பை விடுங்கள். அலமண்டா பால் பட்டால் தோல் அரிக்கும், குழந்தையைப் பறிக்க விடலாமா?

கூடலூர் மகள் (கம்பம் பக்கம்):
அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் தெரியாது. வேலியைத் தடவிக்கொண்டே வந்து, பூண்டுக்கொடி இலையைக் கசக்கி மோந்து, "வீடு வந்துருச்சு" என்பார். அம்மா போன பிறகு வீட்டை விற்றோம். வாங்கியவர்கள் கொடியை அடியோடு வெட்டிவிட்டார்கள். குச்சி நட்டாலே வேர் பிடிக்கிற கொடி அது. சாவி கொடுத்த அன்று ஒரு குச்சி ஒடித்து வர எனக்குத் தோன்றவில்லையே.

செங்கோட்டைத் தங்கம்:
தம்பி, நான் கொடியைக் குறை சொல்லவே இல்லை, மறுபடி படித்துப் பாருங்கள். தூண் வைக்காதது எங்கள் தப்புதான். இப்போது ஆறடிக்கு ஒரு தூண் போட்டிருக்கிறோம். கோபாலபுரம் அண்ணன் சொன்னபடி கம்பியும் கட்டப் போகிறோம், மல்லி வேரிலிருந்து மறுபடி துளிர்த்துவிட்டது. கூடலூர் அக்கா, எங்கள் தெருக்கோடி வீட்டில் பூண்டுக்கொடி இருக்கிறது. கேட்டு வாங்கி வைக்கிறேன், குற்றாலம் வரும்போது எடுத்துப் போங்கள். ஆச்சி இப்போது பால் வாங்க எங்கள் வாசல்படிக்கே வந்துவிடுகிறார்.