ஐஸ் ஹொக்கி ஸ்கேட்ஸ்: பத்து நிமிடத்தில் உள்ளங்கால் எரிகிறது, பெரிய அளவு வாங்கட்டுமா?

வடலி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கனடாவின் ஸ்காபரோவில் வசிக்கிறேன். வயது 43, எடை 92 கிலோ. மகன் மூன்று வருடங்களாக ஐஸ் ஹொக்கி விளையாடுகிறான். கண்ணாடிக்கு வெளியே கோப்பியோடு நின்று குளிர்காய்ந்துகொண்டிருந்த தகப்பன்மார் சிலர் சேர்ந்து, நாமும் பழகினால் என்ன என்று ஞாயிறு இரவுகளில் அரங்கை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஆசைக்குக் குறைவில்லை, கால்தான் ஒத்துழைக்க மறுக்கிறது.

பனியில் இறங்கிப் பத்து நிமிடத்துக்குள் இரண்டு உள்ளங்கால்களிலும், குறிப்பாக இடது காலின் வளைவில், எரிச்சல் தொடங்கிப் பிறகு தசை பிடித்து இழுக்கிறது. இருபது நிமிடமானால் விரல்கள் மரத்துவிடுகின்றன. வாங்கில் அமர்ந்து நாடாவைத் தளர்த்தினால் இரண்டு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. தளர்த்தியபடியே விளையாடலாம் என்றால் கணுக்கால் உட்பக்கமாகச் சாய்கிறது, குதிக்காலும் பூட்டுக்குள் (ஸ்கேட்ஸின் சப்பாத்துப் பகுதிக்குள்) மேலே எழும்புகிறது. ஆகவே மறுபடி பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குகிறேன். வலியும் மறுபடி வருகிறது.

நான் வழக்கமாக அணியும் ஓட்டச் சப்பாத்தின் அளவு 9½. ஸ்கேட்ஸை இணையத்தில் மலிவு விற்பனையில் 9 அளவில் வாங்கினேன். அரை அளவு குறைத்து வாங்கியதுதான் பிழையோ என்று இப்போது எண்ணுகிறேன். திருப்பிக் கொடுக்கும் தவணையும் முடிந்துவிட்டது. 10 அளவில் வேறொன்று வாங்கினால் தீருமா, அல்லது என்னைப் போல் தட்டைப் பாதம் உள்ளவனுக்கு இந்த விளையாட்டே சரிவராதா?

நாலாம் வரிசை

வடலி அண்ணா, புது ஸ்கேட்ஸ் எல்லோருக்கும் வலிக்கும். எனக்கும் முதல் மாதம் முழுக்க வலித்தது. பத்துத் தடவை இறங்கினால் பூட்டும் இளகும், காலும் பழகும். அதற்குள் இன்னொரு சோடிக்குப் பணம் கொட்டாதீர்கள்.

பென்சில்

வணக்கம். மிசிசாகாவில் விளையாட்டுப் பொருள் கடை ஒன்றில் ஆறு ஆண்டுகள் ஸ்கேட்ஸ் பொருத்திப் பார்க்கும் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தயவுசெய்து 10 வாங்க வேண்டாம்.

மேலே நண்பர் சொன்னதில் பாதி உண்மை. புதிதாகச் சறுக்குபவருக்குப் பாதத்தின் சிறு தசைகள் களைத்து வலிப்பது இயல்புதான். அந்த வலி வாரத்துக்கு வாரம் குறையும். ஆனால் விரல் மரத்துப்போவதும், நாடாவைத் தளர்த்திய உடனே எல்லாம் சரியாவதும் பழக்கத்தால் தீரும் விஷயங்கள் அல்ல. எங்கோ நரம்போ இரத்த ஓட்டமோ நசுங்குகிறது என்பதற்கான அடையாளம் அது.

வீட்டிலேயே நான்கு சோதனைகளைச் செய்து முடிவுகளை எழுதுங்கள். முதலாவது, நாடாவை முழுவதும் தளர்த்திவிட்டு, விரல்கள் முன்மூடியைத் தொடும்வரை காலை முன்னே தள்ளி, முழங்காலை மடக்கிக்கொண்டு, குதிகாலுக்குப் பின்னால் எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள். இரண்டாவது, உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். பாதம் பக்கவாட்டில் வழிகிறதா, நுனியில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கவனியுங்கள். மூன்றாவது, காலை உள்ளே விட்டுக் குதிகாலைப் பின்பக்கமாகத் தட்டி அமர்த்தி, நாடா கட்டாமல், மேலிருந்து மூன்றாவது துளைச் சோடியின் குறுக்கே ஒரு பென்சிலைப் படுக்க வையுங்கள். பென்சில் பூட்டின் இரண்டு விளிம்புகளிலும் படிந்தால் ஆழம் போதுமானது. புறங்கால் மேட்டில் முட்டிக்கொண்டு சீசாப் பலகை போல் ஆடினால் ஆழம் போதவில்லை. நான்காவது, ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து, பிளேடின் இரு விளிம்புகளுக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்து, அது ஒரு பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். சாணை கோணலாக இருந்தால் கணுக்கால் சாயும். பழியைப் பூட்டின்மேல் போட்டுவிடுவோம்.

மருந்துப்பெட்டி

பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் ஒரு கேள்வி: உங்களுக்கு நீரிழிவு உண்டா? இருந்தால், பாத உணர்வு குறைந்த நிலையில் இறுக்கமான பூட்டுக்குள் ஏற்படும் சிறு புண்ணும் கவனத்துக்கு வராமல் பெரிதாகிவிடும். முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டு இறங்குங்கள். மரத்துப்போதல் ஸ்கேட்ஸைக் கழற்றிய பிறகும் நீடித்தால் அதுவும் மருத்துவருக்குரிய விஷயமே. தட்டைப் பாதத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்; வளைவுக்குத் தாங்கல் தரும் இன்சோல் பெரும்பாலும் போதும், விளையாட்டை விட வேண்டியதில்லை.

வடலி

நீரிழிவு இல்லை அக்கா, சென்ற மாதம்தான் இரத்தம் சோதித்தேன். கழற்றிய பின் மரத்தல் நீடிப்பதும் இல்லை.

பென்சில் தம்பி, சோதனைகளைச் செய்துவிட்டேன். குதிக்காலுக்குப் பின்னால் இரண்டு விரல் தாராளமாக நுழைகிறது. இன்சோலின்மேல் நின்றால் நுனியில் பெருவிரல் அகலத்துக்கு வெற்றிடம் இருக்கிறது, ஆனால் முன்பாதம் இரண்டு பக்கமும் வழிகிறது. பென்சில் ஒரு விளிம்பைத் தொட்டால் மறு விளிம்பைத் தொடவில்லை. சீசாவேதான். நாணயம் நேராக நிற்கிறது. நீளம் அதிகம், அகலம் குறைவு என்று ஒரே பூட் எப்படி இருக்க முடியும் என்று மனைவி கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை.

பென்சில்

அண்ணி சரியான இடத்தில்தான் கேட்டிருக்கிறார். காலுக்கு நீளம், அகலம், ஆழம் என்று மூன்று அளவுகள் இருக்க, நாம் கடையில் ஒரே ஓர் எண்ணைச் சொல்லிக் கேட்கிறோம். அகலம் போதாமல் கடிக்கும்போது அடுத்த எண்ணுக்குத் தாவுகிறோம். அப்படித் தாவினால் அகலம் இம்மியளவு கூடும், நீளமோ தேவையில்லாமல் கூடிவிடும். உங்களுடைய ஸ்கேட்ஸ் ஏற்கெனவே ஓர் அளவாவது நீளம். ஸ்கேட்ஸின் எண்கள் சாதாரண ஷூவின் எண்களோடு ஒத்துப்போவதில்லை. பொதுவாக ஒன்று முதல் ஒன்றரை வரை குறைத்தே தொடங்க வேண்டும். 9½ ஷூ அணிபவருக்கு 8 அல்லது 8½தான் முதலில் போட்டுப் பார்க்க வேண்டிய அளவு.

இனி வலி எப்படி வருகிறது என்று பார்ப்போம். பூட் நீளமாக இருப்பதால் குதிகால் அதன் குழிக்குள் அமரவில்லை. ஒவ்வொரு தள்ளலிலும் பாதம் உள்ளே வழுக்குகிறது; அதைத் தடுக்க, உங்களுக்கே தெரியாமல், விரல்களை மடக்கித் தரையைக் கவ்வுகிறீர்கள். உள்ளங்கால் தசைகள் ஒரு நொடியும் ஓய்வின்றிச் சுருங்கியே இருப்பதால் பத்து நிமிடத்தில் எரிகின்றன. வழுக்கலை நிறுத்த நாடாவை இழுக்கிறீர்கள். ஆழமில்லாத பூட்டில் அந்த இறுக்கம் குதிகாலைப் பிடிப்பதற்குப் பதிலாகப் புறங்காலை நேராக அழுத்துகிறது. அங்கே தோலுக்குக் கீழே ஓடும் நரம்பும் இரத்தக் குழாயும் நசுங்கி விரல்கள் மரக்கின்றன. தளர்த்தினால் மரத்தல் நின்று வழுக்கல் தொடங்குகிறது. 10 வாங்கியிருந்தால் இதே கதை இன்னும் ஐந்து நிமிடம் முன்னதாகத் தொடங்கியிருக்கும்.

ஆகவே உங்களுக்குத் தேவை நீளம் குறைந்த, ஆனால் அகலமும் ஆழமும் கூடிய பூட். பாவர் நிறுவனம் இதை ஃபிட் 1, ஃபிட் 2, ஃபிட் 3 என்று பிரிக்கிறது. மூன்றாவதுதான் தடித்த பாதத்துக்கு. சி.சி.எம். நிறுவனத்தில் டேப்பர்ட், ரெகுலர், வைட் என்பார்கள். பழைய இருப்பில் டி, டபிள் ஈ என்ற எழுத்துகளைக் காண்பீர்கள்; டபிள் ஈ அகலமானது. கடைக்கு மாலையில் செல்லுங்கள், பகல் முழுவதும் நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும். விளையாடும்போது அணியும் மெல்லிய காலுறையையே எடுத்துச் செல்லுங்கள். தடித்த கம்பளிக் காலுறை குளிரைத் தடுக்கும் என்பது வீண் நம்பிக்கை. அது இடத்தை அடைத்து இரத்த ஓட்டத்தைத் தடுப்பதால் கால் இன்னும் குளிரும். புகழ்பெற்ற ஹொக்கி வீரர் பாபி ஓர் (Bobby Orr) காலுறையே அணியாமல்தான் ஆடினார்.

நாலாம் வரிசை

இவ்வளவு தூரம் யோசித்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று: ஸ்கேட்ஸைச் சூடாக்கினால் காலின் வடிவத்துக்கு வரும் என்கிறார்களே? இருப்பதையே வீட்டு அடுப்பில் வைத்து எடுத்தால் புதிது வாங்கும் செலவு மிஞ்சாதா?

பென்சில்

சூடாக்கினால் கணுக்கால் பக்கமும் குதிகால் பக்கமும் காலோடு ஒட்டும். கடிக்கும் இடங்கள் தணியும். நீளம் குறையாது, ஆழமும் பெரிதாகக் கூடாது. அளவு தவறிய பூட்டுக்கு அது மருந்தல்ல. வீட்டு அடுப்பில் செய்வதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தேவைப்படும் சூடு ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸ், அதுவும் சில நிமிடங்களுக்கு மட்டும். வீட்டு அடுப்பு அந்த அளவில் நிலையாக நிற்பது அரிது, மேல்தட்டுக் கம்பி காய்ந்து சிவந்தால் பசை இளகி அடிப்பகுதி பிரிந்துவிடும். அப்படிப் பிரிந்த இரண்டு சோடிகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வடலி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

கடையில் இருந்த பெண் முதலில் என்னை உலோகப் பலகை ஒன்றில் நிற்கவைத்து இரண்டு கால்களையும் அளந்தார். இடது கால் வலதைவிட அரை அளவு பெரிது என்பதை 43 வயதில் அறிந்துகொண்டேன். நான் ஆண்டுக்கணக்காக அணியும் 9½ ஓட்டச் சப்பாத்தே எனக்கு அரை அளவு பெரிதாம். நான்கு சோடிகளைப் போட்டுப் பார்த்து, கடைசியில் ஃபிட் 3 அமைப்பில் 8 அளவு பொருந்தியது. நேராக நின்றபோது விரல்நுனி முன்மூடியில் உரசியதால் "இது சின்னது" என்று கழற்றப் போனேன். அவர் முழங்காலை மடக்கச் சொன்னார். மடக்கியதும் குதிக்கால் பின்னே சென்று குழியில் அமர்ந்தது, விரல்கள் முன்மூடியிலிருந்து விலகின. நான் வாங்கியிருந்த 9 அளவில் இப்படியொரு உணர்வு ஒருமுறைகூட வந்ததில்லை.

பிறகு அடுப்பில் வைத்துச் சூடாக்கித் தந்தார். இளஞ்சூட்டோடு காலை விட்டபோது பூட் பழைய துணிச் சப்பாத்து போல் நெகிழ்ந்திருந்தது. நாடாவைப் பக்கவாட்டில் இழுத்தால் இளகிய துளை வளையங்கள் பிய்ந்துவிடும் என்று, முன்பக்கமாகவே இழுத்துக் கட்டினார். எழுந்து நிற்கக் கூடாது என்று பதினைந்து நிமிடம் கதிரையில் இருத்திவைத்தார். மறுநாள் வரை பனியில் இறங்கவும் தடை.

இதுவரை இரண்டு ஞாயிறு ஆடியிருக்கிறேன். மரத்தல் முற்றாக நின்றுவிட்டது. உள்ளங்கால் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் களைக்கிறது. ஆனால் இரண்டு புதிய வேதனைகள்: கணுக்காலுக்கு முன்னே நாடா குறுக்கிடும் இடத்தில் தொட்டால் நோகிறது, வலது காலின் வெளிக்கணு எலும்பு உரசிச் சிவந்திருக்கிறது.

பென்சில்

முதலாவது நாடாக்கடி. மேல் துளையை ஒரு மாதத்துக்கு விட்டுவிடுங்கள். நாடாவைக் கணுக்காலைச் சுற்றிக் கட்டும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். விரல் பக்கம் தளர்வாகவும், நடுவில் அளவாகவும், கணுக்கால் வளையும் இடத்தில் மட்டும் உறுதியாகவும் கட்டினால் போதும். பூட்டின் நாக்கு ஒரு பக்கம் சரியாமல் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். சிவந்து வீங்கினால் இரண்டு வாரம் ஓய்வு கொடுங்கள், அல்லது உள்ளே ஒரு ஜெல் பட்டையை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதற்கு, உரசும் எலும்பின்மேல் லிப்ஸ்டிக்கைத் தடவி, வெறுங்காலோடு பூட்டை அணிந்து கழற்றுங்கள். உள்ளே சாயம் ஒட்டிய இடத்தைக் கடையில் காட்டினால், அந்தப் புள்ளியை மட்டும் சூடாக்கிக் கருவியால் வெளியே தள்ளித் தருவார்கள்.

வடலி

அந்தப் புள்ளியைத் தள்ளித் தந்துவிட்டார்கள். நேற்று ஐம்பது நிமிடம் உரசலின்றி ஆடினேன். லிப்ஸ்டிக்குக்குரியவர் வேறு நிறத்தை எடுத்திருக்கலாமே என்று கோபத்தில் இருக்கிறார்.

பழைய 9 அளவு சோடி வீட்டில் சும்மா கிடக்கிறது. ஆறு தடவைதான் அணிந்தேன், சூடாக்கியதும் இல்லை. ஒடுங்கிய பாதமும் தாழ்ந்த புறங்காலும் உள்ள உறவுகள் யாராவது இருந்தால், ஒரு பென்சிலையும் கொண்டுவந்து சோதித்துவிட்டு இலவசமாக எடுத்துச் செல்லலாம்.