புதுப்பிப்பு: அம்மாவின் டிஎஸ்ஹெச் இறங்கிவிட்டது

தைராய்டு குறைவுக்குத் தினமும் மாத்திரை போட்டும் அம்மாவுக்கு டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் ரத்த அளவு) 11-லேயே நிற்கிறதே என்று 3 மாதம் முன்பு புலம்பியிருந்தேன். சிக்கல் டோஸில் இல்லை, ஃபில்டர் காபியில்! அந்த மாத்திரையை, அதாவது தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோனை, காபியோடுதான் விழுங்கியிருக்கிறார். கூடவே கால்சியம் மாத்திரை வேறு. இரண்டுமே குடலில் மருந்து சரியாகச் சேர விடாது. டாக்டர் சொன்னபடி இப்போது எழுந்ததும் தண்ணீரில் மாத்திரை, 1 மணி நேரம் கழித்துக் காபி, கால்சியம் இரவில். முதல் வாரம் வீடே போர்க்களம்.

8 வாரம் கழித்து எடுத்ததில் 3.8.

அப்புறம், "எண் குறைந்தால் தைராய்டு குறைந்ததா?" என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. டிஎஸ்ஹெச் என்பது மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைப் பார்த்துப் போடும் அதட்டல். ரத்தத்தில் தைராக்சின் குறைந்தால் அதட்டல் கூடும். போதுமானது வந்ததும் அடங்கிவிடும்.