சுங்கை சிப்புட்டில் 'ஷேகி' முடிவெட்டு: கடைக்காரரிடம் என்ன சொல்லிக் கேட்பது?

எடைமேடைத் தம்பி, சுங்கை சிப்புட்:

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், குலைகளை ஏற்றி வரும் லாரிகளை எடைபோடும் பிரிவில் வேலை செய்கிறேன், வயது 24. கடந்த தைப்பூசத்தின்போது ஈப்போ கல்லுமலைக் கோவிலில் நேர்த்திக்கடனுக்காக மொட்டை போட்டுக்கொண்டேன். அதன் பிறகு கத்தரியே படாமல் பத்து மாதம் வளர்த்ததில், இப்போது தலையின் எந்த இடத்தில் ஒரு கற்றையை இழுத்து அளந்தாலும் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் வருகிறது. என் முடி அடர்த்தியானது. அலையலையாக வளையும், ஆனால் சுருட்டை அன்று.

'ஷேகி' என்று சொல்லப்படும் நடுத்தர நீள வெட்டு எனக்கு வேண்டும். நெற்றிமுடி புருவத்தைத் தொட்டு இரண்டு மூன்று கற்றைகளாகப் பிரிந்து விழ வேண்டும், காதின் மேல்பாதி மறைய வேண்டும், பிடரியில் சட்டைக் காலரைத் தொடும் அளவுக்கு நீளம் நிற்க வேண்டும், மொத்தத்தில் சீப்புப் படாதது போலவும் அதே வேளையில் அழுக்காகத் தெரியாமலும் இருக்க வேண்டும். இப்போது கண்ணாடியில் தெரிவதோ மழைக்குப் பின் முளைத்த காளான். அம்மா இதைப் 'பரட்டைத் தலை' என்கிறார். நான் காசு கொடுத்து வாங்க நினைப்பதும் ஏறக்குறைய அதே பரட்டைதான் என்பதை அவரிடம் சொல்ல இன்னும் துணிவு வரவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில், 'கொஞ்சம் கலைந்தாற்போல் வெட்டுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் பற்கள் வைத்த தின்னிங் கத்தரியை வேரிலிருந்தே ஓட்டிவிட்டார். இரண்டு வாரம் கழித்து, நீண்ட முடிக்கு நடுவே குட்டை முடிகள் தென்னந்துடைப்பம் போலக் குத்திட்டு நின்றன. அந்த நினைவால் இம்முறை அஞ்சுகிறேன். தை மாதக் கடைசியில் அக்காவுக்குத் திருமணம். கடைக்காரரிடம் எந்தச் சொற்களைச் சொல்ல வேண்டும், பக்கவாட்டில் மெஷின் போடலாமா, தினமும் மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் அணிந்து செல்பவனுக்கு இந்த வெட்டு நிற்குமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கத்தரிக்காரர், தைப்பிங்:

தம்பி, 26 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். உங்கள் தலையில் உள்ள சிக்கல் மொட்டையிலேயே தொடங்கிவிட்டது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1.25 சென்டிமீட்டர் வளரும். மொட்டை போட்டவருக்கு அது தலை முழுவதும் ஒரே நாளில் தொடங்குவதால், ஒரே பருவத்தில் நட்ட செம்பனைக் கன்றுகள் போல எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கின்றன. உச்சியில் முளைத்த 12 சென்டிமீட்டர் முடி இறங்கி வந்து காதுக்கு மேலேயே முடிந்துவிடுகிறது, காதோரத்தில் முளைத்த அதே 12 சென்டிமீட்டர் கழுத்துவரை தொங்குகிறது, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில்தான் நீங்கள் சொல்லும் காளான் குடை விரிகிறது. இதைக் கையால் எவ்வளவு கலைத்துவிட்டாலும் ஷேகி ஆகாது. கலைந்த தோற்றம் கத்தரியில் வர வேண்டும், விரலில் அன்று.

செய்ய வேண்டியது, உச்சியைக் குறைத்து ஓரத்தை விடுவதுதான். உச்சியில் 8 அல்லது 9 சென்டிமீட்டர், நெற்றியில் 10 அல்லது 11, பிடரியில் இருப்பதை அப்படியே விட்டு நுனியை மட்டும் ஒழுங்குபடுத்துவது என்பது உங்கள் நீளத்துக்குப் பொருத்தமாக இருக்கும். உச்சிமுடி குட்டையானால் அதன் எடை குறைந்து தானாகவே சற்று எழும்பும். நீளமான ஓரம் கீழே படியும். நுனிகளை நேர்க்கோட்டில் வெட்டாமல், கத்தரியைச் செங்குத்தாகப் பிடித்து முனையால் கொத்திக் கொத்தி வெட்டச் சொல்லுங்கள். அப்படி வெட்டினால்தான் கற்றைகள் பிரிந்து விழும். தின்னிங் கத்தரியை முழுக்கத் தவிர்க்க வேண்டியதில்லை. அடர்ந்த முடிக்குக் காதின் மேற்பகுதியில் அது தேவைதான். ஆனால் வேரிலிருந்து குறைந்தது மூன்று விரற்கடை தள்ளி, நுனியை நோக்கியே அது ஓட வேண்டும். உங்களுக்கு நேர்ந்தது அந்த மூன்று விரற்கடை மறக்கப்பட்டதால்தான்.

பக்கவாட்டில் மெஷின் வேண்டாம். பக்கத்தை மெஷினின் 2-ஆம் எண் சீப்பில் ஒட்ட வழித்துவிட்டுப் பிடரியை மட்டும் நீளமாக விட்டால் அதற்குப் பெயர் மல்லட். அது வேறு வெட்டு, வேறு துணிச்சல். மெஷினைக் கழுத்தின் ரோமத்துக்கு மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். சவரக்கத்தியால் நுனியைச் சீவும் முறையும் உண்டு, நேர்முடிக்கு அது அழகாக வரும். நம் ஈரக்காற்றில் அலைமுடிக்கு நுனி பிசிறிப் பஞ்சாகிவிடும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய கடைக்காரராக இருந்தால் 'ஷேகி' என்று சொல்லி அவரைக் குழப்பாதீர்கள். 'ஸ்டெப் கட்டிங், ஆனால் படிகள் தெரியக்கூடாது' என்று சொல்லுங்கள். அவர் இளமையில் நூற்றுக்கணக்கான தலைகளுக்கு வெட்டிய வெட்டு அது. அந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டதால், கைகளும் அதை மறந்திருக்கும் என்று இளைஞர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இளையவராக இருந்தால், அடுக்கடுக்காக வெட்டுவதைக் குறிக்கும் 'லேயர்' என்ற சொல் போதும். படம் காட்டுவதென்றால் கொரிய நடிகரின் படத்தைக் காட்டாதீர்கள், ஏனென்றால் அந்த நேர்முடி விழும் விதத்தில் உங்கள் அலைமுடி எந்நாளும் விழாது. உங்களைப் போன்ற முடியுள்ள ஒருவரின் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என மூன்று படங்கள் வேண்டும்.

எந்தக் கிழமையில் போவது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, நாற்பது நிமிட வெட்டை எவரும் பொறுமையாகச் செய்ய மாட்டார். செவ்வாயும் வெள்ளியும் நம்மவர்கள் முடி வெட்டுவதில்லை, எனவே புதன் அல்லது வியாழன் முற்பகல் போங்கள். பல கடைகளில் ஒருவரே நின்று வேலை செய்கிறார்: 2009-இல் முடிதிருத்தும் தொழிலுக்கு அயல்நாட்டுத் தொழிலாளர் எடுப்பது முடக்கப்பட்டது, 2023-இல்தான் நகைத் தொழில், ஜவுளி ஆகியவற்றையும் சேர்த்து 7,500 பேருக்கு அனுமதி கிடைத்தது. அவசரப்படுத்தினால் அவர் மெஷினைத்தான் எடுப்பார்.

ஓய்வுபெற்ற கிராணி, பீடோர்:

தம்பி கேட்பதைப் புதுப் பாணி என்று நினைத்துவிடக்கூடாது. நியூயார்க் முடிதிருத்துநர் பால் மெக்ரிகர், நடிகை ஜேன் ஃபோண்டாவுக்கு 1971-இல் வெளிவந்த ஒரு படத்துக்காக வெட்டிய வெட்டு இது. பிறகு ஆண்களும் எடுத்துக்கொண்டார்கள். நம் நாட்டில் ராக் பாடகர்கள் தோளுக்குக் கீழே முடி வளர்த்த காலத்தில், 1992-இல், அரசாங்கத் தொலைக்காட்சியில் நீண்ட முடிக்காரர்களுக்கு இடமில்லை என்று தடை வந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்காலத்தில் எங்கள் தோட்டத்து மரத்தடிக் கடையில், ஒரு சீப்பு, ஒரு கத்தரி, ஒரு தண்ணீர்ப் புட்டியோடு இதே ஸ்டெப் கட்டிங்கை நானும் வெட்டிக்கொண்டேன்; தோட்ட நிர்வாகியான துரை பார்த்துவிட்டு ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. கத்தரிக்காரர் சொல்லாத ஒன்று: இரட்டைச் சுழி இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு திருமணம் என்பது கிழவிகள் பேச்சு. ஆனால் உச்சியில் குட்டையாக வெட்டினால் அந்த இடம் கிளிக்கொண்டை போல எழுந்து நிற்கும் என்பதற்கு என் தலையே சாட்சி.

சலூன் அக்கா, கோலக்கங்சார்:

ஐயா சொன்ன சுழியைப் பற்றிய எச்சரிக்கை மிகச் சரியானது; சுழியைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு மற்ற உச்சியைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விடச் சொல்லுங்கள், எடையில் படிந்துவிடும். அலைமுடி ஈரத்தில் நீண்டு, உலர்ந்ததும் சுருங்கும். ஈரமாக வெட்டும்போது புருவத்தைத் தொட்ட நெற்றிமுடி உலர்ந்தபின் நெற்றியின் நடுவில் போய் நிற்கும். ஆகவே ஈரத்தில் மூக்குத்தண்டு வரை விட்டு, உலர்த்திய பிறகு கடைசியாகச் சரிசெய்வதுதான் பாதுகாப்பு.

வீட்டில் செய்ய வேண்டியதை விளக்குகிறேன். முடியில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தின் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரத்தில் அவிழ்ந்து, உலரும்போது மீண்டும் இறுகும். எந்த வடிவில் உலர்கிறதோ அந்த வடிவமே அன்றைக்கு நிற்கும். குளித்தவுடன் துண்டால் பரபரவென்று தேய்க்காமல் அழுத்தி ஒற்றுங்கள். ஈரம் பாதி இறங்கியதும் உப்புநீர் ஸ்ப்ரேயை ஐந்தாறு முறை அடித்து, விரல்களால் கற்றைகளைக் கீழிருந்து மேலாகக் கசக்கிவிட்டு, தொடாமல் உலர விடுங்கள். வாட்சன்ஸ், கார்டியன் கடைகளில் அது கிடைக்கும். வீட்டிலேயே செய்வதென்றால் 250 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்தால் போதும். தினமும் அடித்தால் முடி வறண்டு சொரசொரப்பாகும் என்பதால் வாரத்துக்கு மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்தபின் பட்டாணி அளவு கிளே (பளபளப்பில்லாத முடிப்பசை) எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, நுனிகளில் மட்டும் தொடுங்கள். பளபளக்கும் ஜெல் இந்த வெட்டின் எதிரி.

எடைமேடைத் தம்பி, சுங்கை சிப்புட்:

அண்ணன், ஐயா, அக்கா, மூவருக்கும் நன்றி. கைப்பேசியில் உச்சியைப் படமெடுத்துப் பார்த்தேன், இரட்டைச் சுழிதான். அக்காவின் திருமணத்துக்கு முன் இதை வீட்டில் யாரிடமும் சொல்லப்போவதில்லை. இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. அம்மா ஒவ்வொரு காலையும் தேங்காயெண்ணெய் வைத்துவிடுவார். அதை நிறுத்த வேண்டுமா? ஹெல்மெட் பற்றியும் யாரும் சொல்லவில்லை.

சலூன் அக்கா, கோலக்கங்சார்:

எண்ணெயை நிறுத்தாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். தேங்காயெண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-இல் வெளிவந்த ஆய்வே சொல்கிறது. அம்மாவின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் காலையில் தடவினால் கற்றைகள் ஒட்டிப் படிந்து, வெட்டிய லேயர்கள் எல்லாம் காணாமற்போகும். தலை குளிக்கும் நாளுக்கு முந்தைய இரவு அவர் கையாலேயே வைத்துக்கொண்டு, காலையில் ஷாம்பு போட்டு அலசுங்கள். இருவருக்கும் மனத்தாங்கல் இராது.

செம்பனை வாசி, கம்பார்:

ஹெல்மெட்டுக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் இதே நீளம், தினமும் 18 கிலோமீட்டர் பயணம். அக்கா சொன்ன ஹைட்ரஜன் கணக்கு இங்கே நமக்கு எதிராக வேலை செய்யும்: ஈரத் தலையோடு ஹெல்மெட் போட்டால், அது அழுத்திய வடிவிலேயே முடி உலர்ந்துவிடும். எனவே முழுக்க உலர்ந்த பிறகே போடுங்கள், நெற்றிமுடியைப் பின்னோக்கித் தள்ளிவிட்டு அணியுங்கள். உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டினால் வியர்வையை அது உறிஞ்சிக்கொள்ளும். வேலையிடத்தில் கையை நனைத்து வேரோரத்தில் மட்டும் விரல்களை ஓட்டி, தலையைக் குனிந்து இரண்டு முறை உதறினால் பெரும்பாலும் எழுந்துவிடும். கிளேயை வீட்டில் தடவிக்கொண்டு கிளம்பாதீர்கள்; அது முடிக்கு அல்லாமல் ஹெல்மெட்டின் உட்புறத்துக்குத்தான் அழகு சேர்க்கும்.

எடைமேடைத் தம்பி, சுங்கை சிப்புட்:

புதன்கிழமை காலை, பெரிய சாலைக்குப் பின்னால் உள்ள ஒரு பழைய கடைக்குச் சென்றேன். பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். 'ஸ்டெப் கட்டிங், படிகள் தெரியக்கூடாது, மெஷின் வேண்டாம்' என்றதும் என்னைக் கண்ணாடி வழியாக ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து வேறொரு நீளக் கத்தரியை எடுத்தார். ஐம்பது நிமிடம் ஆனது, 15 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். உச்சி எழும்பியிருக்கிறது, காளான் போய்விட்டது, நெற்றிமுடி உலர்ந்தபின் சரியாகப் புருவத்தில் நிற்கிறது. அம்மா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, 'வெட்டிவிட்டு வந்தாயா, இனிமேல்தான் போகிறாயா?' என்று கேட்டார். ஒரே குறை, காதுக்குப் பின்னால் இடப்பக்கம் சற்றுக் கனமாகத் தெரிகிறது. திரும்பப் போய்க் கேட்கலாமா, திருமணம்வரை பொறுக்கலாமா?

கத்தரிக்காரர், தைப்பிங்:

இரண்டு வாரம் பொறுங்கள். புது வெட்டு படிய அவ்வளவு நாளாகும், பாதிக் கனம் தானாகவே அடங்கும். அதன் பிறகும் தெரிந்தால் அதே பெரியவரிடம் போய் அந்த ஓரத்தை மட்டும் கொத்தச் சொல்லுங்கள், உச்சியைத் தொட விடாதீர்கள். திருமணத்துக்குப் பத்து நாளுக்கு முன் நெற்றியையும் பிடரி ஓரத்தையும் ஒருமுறை சரிசெய்தால் போதும். முதல் நாள் மாலையில் போய் உட்காராதீர்கள், அன்று அவர் கடையில் உங்கள் மாப்பிள்ளை வீட்டாரே நிறைந்திருப்பார்கள்.